பழுது நூல் கட்டிய சிப்பாய்

மரத்தால் செய்த செஸ் காய்களைச் சேர்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். ஐம்பதை நெருங்கும் பொம்பளை நகை சேர்க்கலாம், பாத்திரம் சேர்க்கலாம், சீட்டுக் கட்டலாம். செஸ் காய் சேர்க்கலாமா? "இன்னாத்துக்கு இது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டில் இருப்பது மொத்தமே மூன்று செட். அதில் மூன்றாவதைத் தரம் பார்க்கிறேன் பேர்வழி என்று நான் அடித்த கூத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் நான் சேலை பார்க்கிறவள். விற்கிறவள் இல்லை, பார்க்கிறவள். நெசவாளிகள் தறியிலிருந்து அறுத்துக்கொண்டு வரும் சேலையை மேசையில் விரித்து, பின்பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பழுது தேடுவது என் வேலை. எங்காவது இழை விட்டுப் போயிருக்கும், கரை இழுத்துக்கொண்டிருக்கும், எண்ணெய் பட்டிருக்கும். கண்ட இடத்தில் ஊசியால் ஒரு சிவப்பு நூலைக் கோத்து முடிச்சுப் போடுவேன். எங்கள் கடையில் அதற்குப் பழுது நூல் என்று பெயர். அந்த நூல் ஏறிய சேலை கடைக்குள் போகாது, நெய்தவர் கைக்கே திரும்பிவிடும். வாயைத் திறந்து எதுவும் சொல்லவே வேண்டாம், நூலைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிடும். ஆளின் முகத்தைப் பார்த்து நூல் கட்டினால் கடை உருப்படாது என்பார் முதலாளி. நானும் முகத்தைப் பார்ப்பதில்லை.

என் வீட்டுக்காரரும் ஒரு காலத்தில் நெய்தவர்தான். கல்யாணமான புதிதில் எங்கள் தறி வீட்டிலேயே இருந்தது. அவர் நெய்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளுவேன். அப்போது இந்தக் கடைக்குத்தான் சேலை கொடுத்தோம், அவர் சேலையிலும் பழுது நூல் ஏறியதுண்டு. அந்தத் தறி போனதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. முதுகு அப்படி வலிக்கும். ஆனால் சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு ஒரு பிளாஸ்டிக் செஸ்ஸை விரிப்போம் பாருங்கள், அதுதான் போனது. மனிதர் சரியான ஊமைக்கோட்டான். நாளெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தாலும் நாலு வார்த்தை வராது. செஸ் ஆடும்போது மட்டும் உள்ளே இருக்கிற குறும்பு எட்டிப் பார்க்கும். என் காய் ஒன்றை வெட்டப் போகிறார் என்றால் அதற்கு முன்னால் அதன் மண்டையில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். "இது போச்சு" என்று அர்த்தம். நான் கத்துவேன், அவர் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பார்.

பிறகு செய்யாரில் கம்பெனி வேலை கிடைத்தது. அவருக்கு நிரந்தரமாக இரண்டாவது ஷிஃப்ட். மத்தியானம் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்பும்போது நான் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கியிருப்பேன். காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது அவர் சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். லீவு அவருக்குப் புதன், எனக்கு ஞாயிறு. புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் படவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தன் அம்மாவைப் பார்க்கப் போய்விடுவார். அந்தப் பக்கம் பஸ் குறைவு, அதனால் தங்கிவிட்டு மறுநாள் காலையில்தான் வருவார். ஆக, ஞாயிறு காலை அவர் எழுந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்வரை இருக்கிற நேரம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. அதிலும் கேஸ் புக் பண்ணியாச்சா, கரண்டு பில் கட்டியாச்சா என்பதிலேயே பாதி போய்விடும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கதையை ஊரே பேசி ஓய்ந்துவிட்டது, நான் வேறு பேச வேண்டாம்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்து பூட்டைத் திறப்பதுதான் எனக்கு நாளின் மோசமான நேரம். விளக்கைப் போட்டால் கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டும், கொடியில் ஈரத் துண்டும் இருக்கும். என் புருஷன் இந்த வீட்டில் இருந்தார் என்பதற்கு அவ்வளவுதான் சாட்சி. ஒண்டிக்கட்டையாக இருப்பவளுக்கு யாராவது வந்து ஆறுதல் சொல்வார்கள். எனக்கு யார் சொல்வது? புருஷன் இருக்கிறார், சம்பாதிக்கிறார், குடிப்பதில்லை, அடிப்பதில்லை. எதைச் சொல்லி அழுவது? எனக்கு எரிச்சல்தான் வரும். தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனதற்குக்கூட எரிச்சல் வரும். கழுவாமல் போயிருந்தால் திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. முகம் தெரியாத ஒருவர் மரத்தால் செய்த ராஜா காயைக் கையில் எடுத்தார். நேராகப் பார்ப்பதற்கு முன்னாலேயே அதைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் நான் செய்வதும் அதுதானே! சேலையை எல்லோரும் முன்பக்கம் பார்ப்பார்கள், நான் பின்பக்கம்தான் பார்ப்பேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. முதல் செட்டைப் பொருட்காட்சியில் வாங்கினேன், அதில் குதிரைக்குக் கழுதை முகம். இரண்டாவதை ஒருவர் பழைய செட் என்று விற்றார். ஈரத் துணியால் துடைத்தேன், கறுப்பெல்லாம் துணியில் வந்துவிட்டது.

வெறும் சேர்க்கிற ஆசை மட்டும் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நல்ல மரக்காய் ஒன்று வீட்டில் இருந்தால், அந்த மனிதர் என்றைக்காவது எனக்கு எதிரில் உட்காருவார் என்று ஒரு நப்பாசை. ஒரே ஒரு ஆட்டம் போதும். வாயை விட்டுக் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டு, அவர் "தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அதனால் கேட்கவில்லை.

மூன்றாவது செட் ஒரு சனிக்கிழமை கடை விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. ஞாயிறு காலை அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே அவர் கண்ணுக்கு எதிரில் பெட்டியைப் பிரித்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு வெள்ளைக் குதிரையை எடுத்தார். எடுத்ததும் திருப்பி அடியைப் பார்த்தார். நெசவாளி புத்தி எங்கே போகும்? எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் என் வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா?

"கம்பெனி எண்ணெய்க் கையால தொடாதீங்க, வெள்ளை மரம், கறை புடிச்சா போவாது" என்றேன்.

அவர் குதிரையை மெதுவாக வைத்தார். "ஆடறதுக்கா, பாக்கறதுக்கா?" என்று கேட்டார்.

ஆடுவதற்குத்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவர் கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. "பாக்கறதுக்குத்தான்" என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் சட்டையை மாட்டப் போனார்.

அவர் பஸ் ஏறிப் போனதும் உட்கார்ந்து காய்களைப் பார்க்க ஆரம்பித்தேன். மத்தியானம் முழுக்க அதே வேலைதான். முதலில் கனம். மரக்காயின் அடியில் துளை போட்டு ஈயம் வைத்து மூடுவார்கள், அப்போதுதான் கை பட்டால் சாயாமல் நிற்கும். ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே ஈயம் ஆடினால் கடகடவென்று கேட்கும், எதிலும் கேட்கவில்லை. பிறகு சாயம். சேலையில் சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்ப்போம். அதே துணி, அதே தேய்ப்பு. கறுப்பு ராணியைத் தேய்த்தேன், துணி வெள்ளையாகவே இருந்தது. பரவாயில்லை, இது பூசின கறுப்பு இல்லை, மரமே கறுப்பு என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்தது ஜோடி பார்ப்பது. சேலையில் இரண்டு கரையையும் சேர்த்து வைத்துப் பார்ப்பேன், பூவுக்குப் பூ நேராக வர வேண்டும். அதேபோல் யானைகளை இரண்டிரண்டாக நிறுத்தினேன். உயரம் சரி. கடைசல் வளையங்கள் சரி. மந்திரிகளின் தலையில் போட்ட வெட்டு ஒரே ஆழம். கையில் உருட்டினேன், எங்கும் சொரசொரப்பு இல்லை. குதிரைகளுக்கு வந்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. நான்கு குதிரைக்கும் நான்கு முகம். ஒன்றுக்குப் பிடரி மயிர் நெருக்கம், ஒன்றுக்குக் காது சற்றுப் பின்னால், ஒன்று பல்லைக் காட்டுகிறது. கடையாக இருந்தால் நான்கிலும் நூல் ஏற்றியிருப்பேன். போனை எடுத்து ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, மற்ற காய்கள் கடைசலில் வருகிறவை, குதிரை மட்டும் உளியால் கையில் செதுக்குவது, நல்ல செட்டில் முகம் அச்சாக ஒத்துப்போகாது என்று. எங்கள் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு இன்னும் கொஞ்ச நாளைக்கு மண்டையில் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியாக அடிப்பக்கம். பச்சை வெல்வெட் துணி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு காயையும் கண்ணாடித் தட்டில் நிறுத்தித் தலையில் விரல் வைத்து ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் திண்ணென்று நின்றன. ஒரே ஒரு வெள்ளைச் சிப்பாய் மட்டும் லேசாக, மயிரிழை அளவுக்கு ஆடியது. அடி சரியான மட்டம் இல்லை. இவ்வளவு பெரிய செட்டில் இது ஒன்றுதானா என்று முதலில் சந்தோஷப்பட்டேன்.

செட்டோடு பலகை வரவில்லை, அது தனியாக வாங்க வேண்டியது. அதனால் கூடத்தில் சுவரோரம் இருந்த நீள மேசையைத் துடைத்து, இந்தக் கடைசியில் வெள்ளையும் அந்தக் கடைசியில் கறுப்புமாக எதிரும் புதிருமாக நிறுத்தினேன். கட்டம் கிட்டம் ஒன்றும் இல்லை, வெறும் மேசை. அந்த ஆடுகிற சிப்பாயை வெள்ளை ராஜாவுக்கு முன்னால் வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்து விளக்கைப் போட்டேன். ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாய் வரிசையை விட்டு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. துடைக்கும்போது நானே தள்ளியிருப்பேன் என்று நினைத்து எடுத்து வரிசையில் வைத்தேன். செவ்வாய்க்கிழமையும் அதே சிப்பாய், அதே மாதிரி முன்னால். மற்றதெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தேன். அந்த மேசை ஒட்டியிருக்கிற சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு விசைத்தறி. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை தடதடவென்று ஓடும். சுவரில் மாட்டிய காலண்டரே ஆடும். அடி மட்டமில்லாத சிப்பாய், அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது! மேசை சாய்வாக இருக்குமோ என்று ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தேன். அது கறுப்புப் பக்கமாக மெல்ல உருண்டு போனது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

புதன்கிழமை ஒரு அத்தாட்சியும் கிடைத்தது. அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்டு இல்லை, தெருவில் ஒரு விசைத்தறியும் ஓடவில்லை. சாயங்காலம் வந்து பார்க்கிறேன், சிப்பாய் இடத்தை விட்டு அசையவில்லை. "பார்த்தியா!" என்று வெறும் வீட்டில் சத்தமாகச் சொன்னேன். அன்றைக்குப் புதன்கிழமை, அவர் விடிகாலையிலேயே அம்மா வீட்டுக்குப் போய்விட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், அதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. வியாழக்கிழமை கரண்டு இருந்தது, தறி ஓடியது. சிப்பாய் மறுபடி முன்னால் வந்து நின்றது.

கையில் இருந்த பையைக்கூட வைக்காமல் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா வாசலில் நின்று நூல் உருளையை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க தறி ஓடற ஓட்டத்துல எங்க வூட்டு சிப்பாய் நவுந்து நவுந்து போவுதுக்கா. சுவத்துக்கும் தறிக்கும் நடுவுல ஒரு ரப்பர் ஷீட்டாவது போடக் கூடாதா?"

"சிப்பாயா? எந்த சிப்பாயி?"

"செஸ்ஸுக்கா. செஸ்ஸு காயி."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா கீதே கதை! என் தறி உன் பொம்மைய மட்டும் தேடிப் புடிச்சித் தள்ளுதா? உன் வூட்டு சிலிண்டரு நவுந்துச்சா? பீரோ நவுந்துச்சா? வந்துட்டா ஜல்தியா, ஞாயம் பேச!"

"அதுக்கு அடி சரியில்லக்கா, அதான் அது மட்டும் நவுருது."

"அடி சரியில்லன்னா வித்தவன் கிட்ட போயி கேளு. ஏன் கெடந்து என்ன பேஜார் பண்ற?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதுவும் நியாயம்தான் என்று தோன்றியது. விற்றவருக்குப் போனில் செய்தி அனுப்பினேன். பழுதான காயைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது. எட்டு சிப்பாயும் ஒரே மாதிரி இருக்கும், படத்தில் எது என்று எப்படிக் காட்டுவது? கைப்பையில் எந்நேரமும் ஒரு கண்டு சிவப்பு நூல் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்ததும், மறுபடி நடுவில் வந்து நின்ற சிப்பாயை எடுத்து, கழுத்தில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். இத்தனை வருஷப் பழக்கம், விரல் தானாகப் போட்டது. படம் எடுத்தேன். அப்புறம் ஒரு யோசனை. இவ்வளவு தூரம் திருப்பி அனுப்பி, வேறு சிப்பாய் வந்து, அது நிறம் ஒத்துப்போகாமல் தொலைத்தால்? நாமே சரிசெய்தால் என்ன? அடியில் இருந்த வெல்வெட்டைப் பிய்த்தேன், உப்புத்தாளில் தேய்த்து மட்டம் பண்ணினேன், எப்போதோ ரவிக்கைத் துணிக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த வெல்வெட் துண்டை வட்டமாக வெட்டி ஒட்டினேன். கண்ணாடித் தட்டில் வைத்து ஆட்டினேன், அசைவே இல்லை. வரிசையில் வைத்துவிட்டு மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன். நூலை அவிழ்க்கவில்லை, மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை நல்ல கரண்டு. நான் தெருவுக்குள் வரும்போதே பக்கத்து வீட்டுத் தறி என்னை ஏசுவது போல ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஓடி வந்து விளக்கைப் போட்டேன். சிப்பாய் இடத்திலேயே நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வாழ்க்கை முழுக்கப் பழுது காட்டியே பிழைத்தவள் நான், முதல்முறையாக ஒன்றைச் சரிசெய்திருக்கிறேன்! இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் போலிருந்தது. ஞாயிறு காலைக்காகக் காத்திருந்தேன்.

அவர் எழுந்து வந்து உட்கார்ந்ததும் பொங்கலைப் போட்டுவிட்டு ஆரம்பித்துவிட்டேன்.

"தோ பாருங்க, நேத்து அந்த சிப்பாயி அசையவே இல்ல. அடி சரியில்லாம இருந்துச்சி, நானே தேச்சி ஒட்டிட்டேன். பக்கத்து வூட்டுத் தறி இன்னா ஓட்டம் ஓடினாலும் இனிமே நவுராது."

அவர் கை தட்டிலேயே நின்றது. "தறியா?" என்றார்.

"பின்ன? தெனம் நான் வர்றதுக்குள்ள நடுவுல வந்து நிக்குது. நானும் எடுத்து எடுத்து வச்சிகினே இருந்தேன். அந்தக்கா கிட்ட சண்டையே போட்டுட்டு வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். அந்த மனிதர் என்னை அப்படி நேராகப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை.

"தறி நவுத்தல. நான்தான் நவுத்தினேன்."

"நீங்களா? இன்னாத்துக்கு?"

"ஒரு ஆட்டம் ஆடலாம்னுதான். மத்தியானம் கெளம்பறதுக்கு முன்னால ஒண்ணு நவுத்திட்டுப் போனா, சாயங்காலம் வந்து நீ ஒண்ணு நவுத்துவேன்னு நெனச்சேன். நீ அத்த எடுத்து பழைய எடத்துலயே வச்சிட்ட. சரி, கவனிக்கலன்னு மறுநாளும் நவுத்தினேன். மறுபடி வச்சிட்ட. தெனம் வச்சிட்ட." தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வெள்ளிக்கெழம ராத்திரி வந்து பாத்தா, அது கழுத்துல பழுது நூலு. அப்புறம் இன்னா கீது? கம்முனு விட்டுட்டேன்."

பழுது நூல் என்றால் என்னவென்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எடுத்துக்கொண்டு போ, எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். நான் தெரியாமல் கட்டியதுதான். ஆனாலும் கட்டியது நான், கட்டியது அவர் தொட்ட காயில்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா கேடு வந்துச்சி உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். அழுகை வரும்போது எனக்குக் கத்தல்தான் முதலில் வரும்.

"பாக்கறதுக்குத்தான்னு நீதானே சொன்ன" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் நேரமாகிவிட்டது. பொங்கலில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார், கையைக் கழுவினார், தட்டையும் கழுவிக் கவிழ்த்தார், பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் அழுதேன். சும்மா கண் கலங்குகிற அழுகை இல்லை, பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று அழுதேன். பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டு, இந்த வீட்டில் எனக்கென்று ஒருவரும் இல்லை என்று நான் நொந்துகொண்ட அத்தனை சாயங்காலமும் அந்தச் சிப்பாய் நடுவில் வந்து நின்றிருக்கிறது. அவர் எதிரில் உட்கார்ந்ததாகத்தானே அர்த்தம்? நான் கேட்க பயந்ததை அந்த ஊமைக்கோட்டான் தினமும் கேட்டிருக்கிறார். நானும் தினமும் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். தறியைச் சந்தேகப்பட்டேன், மேசையைச் சந்தேகப்பட்டேன், எலுமிச்சம்பழத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். ஒரு மனுஷன் கை பட்டிருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. அந்த வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்பதையே நான் கணக்கில் எடுக்காமல் இருந்திருக்கிறேன்.

முகத்தைக் கழுவிவிட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சிப்பாயின் கழுத்தில் இருந்த முடிச்சு அவிழவில்லை, நான் போட்ட முடிச்சு எப்போதும் அவிழாது. கத்தரியால் வெட்டி நூலை மேசை ஓரத்தில் போட்டேன். சிப்பாயை எடுத்து ஒரு சாண் முன்னால், அவர் வைக்கிற அதே இடத்தில் வைத்தேன். அது அவருடைய ஆட்டம். பிறகு எழுந்து மறுபக்கம் போய், கறுப்பு ராஜாவுக்கு முன்னால் இருந்த என் சிப்பாயை அதற்கு எதிரில் முட்டுகிற மாதிரி கொண்டுவந்து நிறுத்தினேன். போனில் ஒரு வரி எழுதி அனுப்பலாமா என்று நினைத்தேன். வேண்டாம், அவர் கேட்ட மாதிரியே பதில் சொல்லுவோம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானமும் சாயங்காலமும் நீளமாக இருந்தன. வழக்கம்போல் தனியாகச் சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம் என்றுதான் படுத்தேன். அந்த மாத்திரை விடவில்லை.

திங்கட்கிழமை காலை எழுந்தபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்து நல்ல தூக்கத்தில் இருந்தார். சத்தம் போடாமல் கூடத்துக்குப் போனேன். வெள்ளைக் குதிரை ஒன்று வெளியே வந்திருந்தது. என் சிப்பாயை வெட்டுவதற்குத் தோதாக, அதை நோக்கி நின்றது. அந்தப் பல்லைக் காட்டுகிற குதிரைதான். அவசரத்தில் வைத்திருப்பார் போல, முகம் கோணலாக இருந்தது. நேராக்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் என் கறுப்புச் சிப்பாயைப் பார்த்தேன். நான் வெட்டிப் போட்ட சிவப்பு நூல் அதன் கழுத்தில் இருந்தது. வெட்டிய துண்டு முடிச்சுக்குப் போதாது, ஆனாலும் எப்படியோ இழுத்துப் பிடித்துக் கட்டியிருந்தார். இது போச்சு என்று அர்த்தம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் எழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையல் கட்டில் போய் நின்று சிரித்தேன். கூடச் சிரிக்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வர இன்னும் எவ்வளவோ இருந்தது. திரும்பி வந்து என் கறுப்புக் குதிரையை எடுத்து, நூல் கட்டிய அந்தச் சிப்பாய்க்குக் காவலாக வைத்தேன். நூலை அவிழ்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, கடைக்குக் கிளம்பினேன்.